பச்சை உடம்பு குளிக்கிற அறை

பதினொரு மணிக்கு வருகிறேன் என்று சொன்ன மனுஷர் ஊரார் கடிகாரப்படி பதினொன்றுக்கு வருவாரா, இல்லை வீட்டுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு பதினொரு மணி இருக்கிறதா என்று அடுப்பின் முன்னால் நின்று சண்முகவடிவு பொருமிக்கொண்டிருந்தாள். இப்போது பத்தேகால். அடுப்பில் பெரிய அலுமினியப் பானை, பானை நிறையத் தண்ணீர், தண்ணீரில் அவள் தென்காசியிலிருந்து காயவைத்துக் கட்டிக்கொண்டு வந்த நொச்சி இலை. இந்தக் குன்னூர்த் தண்ணீருக்குச் சூடேறுவதென்றால் அப்படியொரு சோம்பல். மகள் செண்பகாவுக்குப் பிள்ளை பிறந்து இன்றைக்குப் பதினாறாம் நாள், தலைக்கு வேது தண்ணீர் ஊற்றியாக வேண்டும். குளியலறைச் சுவரில் ஒரு கேஸ் ஹீட்டர் பெட்டியாகத் தொங்குகிறது, குழாயைத் திருகினால் குபுகுபுவென்று வெந்நீர் கொட்டும், ஆனாலும் அவள் இங்கே பானைக்குக் காவல் நிற்கிறாள். ஏனென்றால் அந்தப் பெட்டி நாலு நாளைக்கு முன்னால் அவள் மகளைக் கொன்றிருக்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கொன்றிருக்கும். அதைச் சொல்லத்தான் மாப்பிள்ளை குமரகுரு நேற்று வீட்டுக்காரர் சிகாமணிக்குப் போன் போட்டார், எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டார். அந்த மனுஷர் என்ன சொன்னார்? ‘பதினஞ்சு வருஷமா அஞ்சு குடும்பம் குளிச்சிருக்குதுங்க தம்பி, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. உங்க வூட்டம்மாவுக்கு ரத்தம் கம்மி. அதுக்கு ஹீட்டர் என்னங்க பண்ணும்?’ ரத்தம் கம்மியாம். இவர் குத்தி எடுத்துப் பார்த்தாரா? குழந்தை பெற்றவளுக்கு ரத்தம் கம்மியாக இல்லாமல் பெருகி வழியுமா? அப்புறம் சொன்னார் பாருங்கள், ‘பாத்ரூம் காத்து ஜன்னலை நீங்க யாராச்சும் மூடி வச்சீங்களாங்க?’ என்று. மாப்பிள்ளை உடனே, ‘இல்ல சார், நான் இப்பத்தான் பார்த்தேன், திறந்துதான் இருக்கு’ என்றார். திறந்துதான் இருந்தது. மாப்பிள்ளை பார்க்கும்போது திறந்துதான் இருந்தது. சண்முகவடிவு அடுப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள், பானை மூடியை எடுத்துப் பார்த்தாள், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி கட்டியிருந்தது, மறுபடி மூடினாள்.

முதல் பேறுகாலம் அம்மா வீட்டில்தான் என்பது உலகத்துக்கே தெரிந்த வழக்கம். செண்பகா இங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறாள், ஏழாம் மாசம் முடிந்ததும் தென்காசிக்கு வந்துவிடுவாள் என்றுதான் இருந்தது. டாக்டரம்மா மலைப்பாதை வளைவுகளில் குலுங்கிக்கொண்டு போக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். மலை இறங்கக் கூடாதென்றால் அம்மா மலை ஏற வேண்டியதுதானே. ஏறினாள். லேகியம், மருந்துப் பொடி, நொச்சி, கிழிந்த மெத்தென்ற சேலைகள் என்று மூன்று பை. ஏறின அன்றைக்கே இந்தக் குளிர் அவளுக்குப் பிடிக்கவில்லை. சுவரைத் தொட்டால் ஜில், தரையை மிதித்தால் ஜில், சாயந்தரம் நாலு மணிக்கு மேகம் வீட்டுக்குள் வந்து உட்காரப் பார்க்கிறது. இந்த ஊரில் பச்சை உடம்புக்காரி எப்படித்தான் தேறுவாள் என்று அப்போதே கவலைப்பட்டாள். பிள்ளை பெற்ற உடம்பு நாற்பது நாளைக்குத் திறந்த கதவு மாதிரி, எது வேண்டுமானாலும் உள்ளே போகும், காற்றுப் பட்டால் சன்னி கண்டுவிடும் என்பது அவள் கேட்டு வளர்ந்த விஷயம். கேட்டது மட்டுமா, அவளுடைய சின்னம்மா மகள் ஒருத்தி அப்படித்தான் ஒன்பதாம் நாள் பிதற்றிப் பிதற்றிச் செத்தாள். காதில் பஞ்சு வை, தலையில் துணி சுற்று, கதவைச் சாத்து. சாத்தத்தான் செய்தாள். அதில் என்ன தப்பு? தப்பெல்லாம் இந்த வீட்டைக் கட்டினவன் பேரில். குளிக்கிற அறையை ஒரு பெட்டியாகக் கட்டி, அதற்குள் எரிகிற அடுப்பைத் தொங்கவிட்டு, ஒரு சாண் அகலத்தில் கண்ணாடிப் பட்டை ஜன்னலைக் கூரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதில்தான் ஆளும் மூச்சுவிட வேண்டும், நெருப்பும் மூச்சுவிட வேண்டும் என்றால் அது என்ன கட்டடம்? வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறார் சிகாமணி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பால்கனியில் துணி பிழிந்து உதறக் கூடாது. மாடிப்படியில் செருப்பு விடக் கூடாது. பதினோரு விதி. ஆளைக் கொல்லக் கூடாது என்று மட்டும் எழுத மறந்துவிட்டார் போலிருக்கிறது, அல்லது அந்த விதி வீட்டுக்காரருக்கும் பொருந்திவிடுமே என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் சும்மா மேலுக்கு நாலு செம்பு. பன்னிரண்டாம் நாள்தான் நிதானமாக, உச்சி குளிர எண்ணெய் தேய்த்து, மணைப்பலகையில் உட்காரவைத்து, இடுப்புக்கு, முதுகுக்கு, வயிற்றுக்கு என்று பொறுக்கிற சூட்டில் ஊற்றினாள். ஹீட்டர் விடாமல் எரிந்தது, வாளி நிறைந்தது, காலியானது, நிறைந்தது. அரை மணி நேரம் இருக்குமா? கூடவே இருக்கும். அறை முழுக்க ஆவி. ‘எம்மா, தலை கனக்கு’ என்றாள் செண்பகா. ‘எண்ணெய் எறங்குதுட்டி, அப்படித்தான் இருக்கும்’ என்றாள் இவள். தனக்கும்தான் தலை விண்விண்ணென்று தெறித்தது, அதை மலை ஒத்துக்கொள்ளவில்லை என்று கணக்கில் எழுதிக்கொண்டாள். மகள் முகம் சிவந்திருந்தது. வெந்நீர் பட்டு நன்றாக ரத்தம் ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டாள், சந்தோஷப்பட்டாளே பாவி, பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாளே. அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து வெளியே போனாள், போகும்போது காற்று நுழையாமல் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள். பால் பொங்கியிருந்தது, துடைத்தாள், தொட்டிலை எட்டிப் பார்த்தாள், பேரன் தூங்கினான், வந்து கதவைத் திறந்தால் செண்பகா வாளி விளிம்பில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்தாள், ஈர உடம்பு, எண்ணெய் உடம்பு, வழுக்குகிறது, ஐம்பத்தெட்டு வயசில் எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, முன்னறை வரை இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். அங்கே பால்கனிக் கதவு திறந்திருந்தது. காற்றில் போட்டோமே, சன்னி வந்துவிடுமே என்று அப்போதும் ஓடிப் போய் அந்தக் கதவைச் சாத்தப் பார்த்தாள். சாத்துவதற்குள் செண்பகா இருமினாள், வாந்தியெடுத்தாள், கண்ணைத் திறந்தாள். அந்தக் கதவையும் முதலிலேயே சாத்தியிருந்தால்? இந்த இடத்தில் வந்து நினைப்பு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும் என்று பயந்து அவள் வேறு பக்கம் திரும்புவாள். திரும்புவதற்குத்தான் ஆஸ்பத்திரி இருக்கிறதே. ரத்தம் குறைவு, மாத்திரை சாப்பிடுங்கள் என்றார்கள். எங்கே மயங்கினாள், குளிக்கும்போதா, எதில் தண்ணீர் காய்ச்சுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? அதற்கெல்லாம் அவர்களுக்கு ஏது நேரம். மாப்பிள்ளையும் இடித்த புளி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

கேட்டது சிலிண்டர் கொண்டுவந்த ஆள். படிப்பில்லை, பட்டமில்லை, தோளில் சிலிண்டர். நேற்று மத்தியானம் குளியலறைப் பக்கம் சிலிண்டரை மாற்றிவிட்டு நிமிர்ந்தவர், ‘ஏம்மா, இந்த ஹீட்டருக்குப் புகை போற பைப்பே இல்லையே, இதுலயா கைக்குழந்தை வீட்டுல குளிக்கிறீங்க?’ என்றார். நெருப்புக்குக் காற்றுப் போதாவிட்டால் அது ஒரு விஷத்தைக் கக்கும், அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, ஆள் தூங்குகிற மாதிரியே போய்விடுவான் என்றார். ‘போன வருஷம் மேல ஒரு லாட்ஜுல புதுசா கல்யாணம் பண்ணின ஜோடிம்மா. ரெண்டு பேரும்.’ அப்புறம் அண்ணாந்து பார்த்தார். அண்ணாந்து பார்த்து, சண்முகவடிவின் முகத்தையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் காலிச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்விட்டார். சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கலாம். யாரோ ஒரு மனுஷன் அந்த நேரத்தில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்தப் பாரம் பாதி இறங்கியிருக்கும். அங்கே கூரைக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையில், அவளுடைய பழைய சுங்கடிச் சேலையின் பாதி இருந்தது. அவள்தான் அடைத்தாள். பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வந்த அன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு இடுக்கிலும் சேலைக் கிழிசலைச் சுருட்டித் திணித்து, கை எட்டாத மூலையில் கரண்டிக் காம்பால் குத்தி, ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாமல் அடைத்தாள். அடைத்துவிட்டு இறங்கி, அறைக்குள் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்து, வரவில்லை என்று திருப்திப்பட்டாள். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாள்! வாழ்க்கையில் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லையே சண்முகவடிவு. சிலிண்டர்க்காரர் படியிறங்கினதும் மறுபடி ஸ்டூல் போட்டாள். எல்லாவற்றையும் உருவி, பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், ஆனால் மறைந்துவிட்டதே. மாப்பிள்ளை பார்த்தார், ஜன்னல் திறந்திருந்தது. செண்பகாவும் கேட்டாள், ‘எப்பவுமே தொறந்துதானம்மா இருந்தது?’ என்று. ‘ஆமாட்டி’ என்றாள். ஆமாம் என்கிற சொல் எவ்வளவு சுலபமாக வாயை விட்டு வருகிறது.

சரி, சொன்னால் என்ன ஆகும்? சொன்னால் சிகாமணிக்குக் கொண்டாட்டம். பார்த்தீர்களா, நான் கேட்டேனா இல்லையா, குடியிருக்கிறவர்கள் செய்த கோளாறு, என் ஹீட்டர் தங்கம் என்று போய்விடுவார். அவருடைய பெட்டி சுவரிலேயே தொங்கும். சொல்லாவிட்டால் நாம் கேட்கிற நியாயம் நியாயமாகவே இருக்கும், அவர் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே சொல்லாமல் இருப்பது பிள்ளைக்கும் பேரனுக்கும் நல்லது. இதை நேற்றிலிருந்து நூறு தடவை அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டாள், ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வந்தது, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு குறுகுறுத்தது. கோபப்படும்போது மட்டும் குறுகுறுப்பு நின்றது. அதனால் விடாமல் கோபப்பட்டாள். வீட்டுக்காரர் மேல், ஆஸ்பத்திரி மேல், மாப்பிள்ளை மேல், மலை மேல், சன்னி கண்டு செத்த சின்னம்மா மகள் மேல்கூட. நீ சாகாமல் இருந்திருந்தால் நான் இப்படிப் பயந்திருப்பேனா? பயத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாராவது ஒருத்தர், பிள்ளை பெற்றவளுக்குக் காற்று ஆகாது, ஆனால் காற்றில்லாமலும் ஆகாது என்று மறுபாதியையும் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா? ஊரில் பின்கட்டில் விறகு வைத்துத் தண்ணீர் காய்ச்சினார்கள், கதவைச் சாத்தினால் சாத்தினதுதான், நெருப்பு ஒரு இடம், ஆள் ஒரு இடம். நெருப்பையும் ஆளையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ‘எம்மா’ என்று உள்ளறையிலிருந்து செண்பகா கூப்பிட்டாள். ‘தண்ணி காஞ்சிட்டா?’ ‘இன்னும் இல்லட்டி. நீ எந்திரிச்சு வராத, காத்து அடிக்கும்’ என்று இவள் வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். போய் உள்ளறை ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தாள். மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள். ‘கொஞ்சம் காத்து வரட்டும்’ என்றாள், ஏதோ புதுச் சாமிக்கு வேண்டிக்கொள்கிற மாதிரி. அப்போது வாசல் மணி அடித்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போயாயிற்று, இவள்தான் போய்த் திறந்தாள். பத்து ஐம்பது. மனுஷர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து நிற்கிறார், அதற்கும் கோபம்தான் வந்தது.

சிகாமணிக்கு எழுபது வயசிருக்கும். குரங்குக் குல்லா, கையில்லாத ஸ்வெட்டர். பின்னால் டேனியல் என்று ஒரு மெக்கானிக், கையில் ஸ்பானர் பையோடு. ‘வணக்கமுங்கம்மா. பேரன் சௌக்கியமுங்களா?’ என்று கேட்டுவிட்டு நேரே குளியலறைக்குப் போனார். அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவில் வானம் பளிச்சென்று தெரிந்தது. குழாயைத் திறந்தார், ஹீட்டர் புஸ்ஸென்று பற்றிக்கொண்டது, நீலமாக எரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதன் கீழேயே நின்றார், கதவு அகலத் திறந்திருக்க. பத்து நிமிஷம். சண்முகவடிவு வெளியே நின்று அந்தப் பத்து நிமிஷத்தையும் பார்த்தாள். மயங்கி விழ மாட்டாரா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள், சீ என்று தன்னையே கடிந்துகொண்டாள். விழவில்லை. குல்லாவைச் சரிபண்ணிக்கொண்டு சிரித்தார்.

‘பாத்துட்டீங்களாங்கம்மா? எழுபது வயசு ஆளு, பத்து நிமிஷம் நின்னுட்டேன். ஜன்னலும் தொறந்துதான் இருக்குது, தம்பி சொன்னாப்டியே. அப்புறம் ஹீட்டர்ல என்னங்க தப்பு? உங்க பொண்ணுக்குப் பலவீனமுங்க. நல்லா ஈரல் வாங்கிக் கொடுங்க. இதுலயே தாராளமா குளிக்கட்டும்.’

‘பைப் வேணும்ல அண்ணாச்சி? அந்தச் சிலிண்டர்க்காரரு சொன்னாரு.’

‘அதெல்லாம் ஜன்னல் இல்லாத வூட்டுக்குங்க.’

டேனியல் தரையைப் பார்த்தார். ‘நான் அப்பவே சொன்னேனுங்க சார், இது ரூமுக்குள்ள வைக்கிற சாமானில்ல, பால்கனியில வைக்கலாம்னு. வெளிச்சுவத்துல ஓட்டை போட்டா பெயின்ட் கெட்டுரும்னீங்க.’

‘நீ சும்மா இருப்பா’ என்றார் சிகாமணி. ‘ஜன்னல் தொறந்திருக்குதில்ல? தொறந்திருக்கற வரைக்கும் ஒண்ணுமில்லீங்க.’

திறந்திருக்கிற வரைக்கும். சண்முகவடிவுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஜன்னலைத் திறந்துவைத்து வழக்கை ஜெயிக்கப் பார்த்தாள், அந்தத் திறந்த ஜன்னல்தான் ஹீட்டருக்குச் சாட்சி சொல்லி விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டது. இந்தப் பெட்டி இங்கேயே தொங்கும். நாளைக்கு மாப்பிள்ளையின் அம்மா வருவாள், அவளும் பிள்ளை பெற்ற வீட்டுக் குளிரைப் பார்த்து ஸ்டூல் போடுவாள். இவர்கள் காலி செய்தால் இன்னொருத்தி வருவாள், அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள், பையில் பழைய சேலை இருக்கும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறாயே சண்முகவடிவு, என்று அவளுக்குள் ஏதோ சீறியது.

‘அன்னைக்குத் தொறந்து இல்ல அண்ணாச்சி’ என்றாள். ‘நான் அடைச்சிருந்தேன். சேலையக் கிழிச்சு இடுக்கு இடுக்கா நான்தான் அடைச்சேன். பச்ச உடம்புக்குக் காத்து ஆகாதுன்னு. நேத்துதான் எடுத்தேன். எல்லாருட்டயும் பொய் சொல்லிட்டேன்.’

சிகாமணியின் முகம் மலர்ந்தது. ‘அப்புடிச் சொல்லுங்க! தப்பு உங்க மேலதானுங்க. அப்புறம் எதுக்குங்க எங்கிட்டச் சண்டை?’

‘தப்பு என் மேலதான். நான் இல்லங்கல. ஆனா ஒரு கிழிஞ்ச துணிய வச்சா ஆளக் கொல்லுத சாமான எவனாவது குளிக்கிற ரூமுக்குள்ள வைப்பானா? துணி வைக்காதன்னு யாரு சொன்னா எனக்கு? ஆணி அடிக்காதன்னு எழுதி ஒட்டத் தெரிஞ்சுதே, இத எழுதத் தெரியலயா?’ அவள் குரல் உடைந்து உயர்ந்தது. ‘சரி, ஹீட்டர்ல தப்பில்லேங்கிறீங்கல்ல. இப்ப அடைக்கேன். அதே மாதிரி அடைக்கேன். நீங்க உள்ள போய் நில்லுங்க, நான் கதவச் சாத்துதேன். அரை மணி நேரம். என் பிள்ள இருந்த அதே அரை மணி நேரம். பச்ச உடம்பு இல்லல்ல உங்களுக்கு? போங்க, உள்ள போங்க.’

சிகாமணி வாயைத் திறந்தார். ஹீட்டரைப் பார்த்தார். அவர் கால், அவரைக் கேட்காமலேயே, குளியலறை வாசற்படியைத் தாண்டி வெளியே வந்து நின்றது. டேனியல் உள்ளே எட்டிக் குழாயை அடைத்தார், நெருப்பு டப்பென்று நின்றது.

சண்முகவடிவு திரும்பினாள். நடையில் செண்பகா நின்றிருந்தாள், தோளில் பிள்ளையோடு, தலையில் துணிகூடச் சுற்றாமல். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று கேட்க வேண்டியதில்லை, முகத்திலேயே எழுதியிருந்தது.

‘எம்மா, நீயா?’

‘நான்தாம்ட்டி.’

செண்பகா அவளையே பார்த்தாள். பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். வழக்கமாக அப்படி மாற்றும்போது அம்மாவிடம்தான் நீட்டுவாள், இன்றைக்கு நீட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

‘கழட்டிரட்டுங்களாம்மா?’ என்று டேனியல் மெதுவாகக் கேட்டார், வீட்டுக்காரரைக் கேட்காமல் அவளைக் கேட்டார். சிகாமணி குல்லாவை எடுத்து வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

‘கழட்டுங்க’ என்றாள். ஸ்பானர் திருகுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டலாமா என்று கை போனது, இழுத்துக்கொண்டாள். உள்ளே ஒரு சாண் ஜன்னல் திறந்திருக்கிறது, தன் கையால் திறந்தது, அதுவரைக்கும் தெரியும். பிள்ளை சிணுங்கினான், செண்பகா ‘ஓஓ’ என்று தட்டிக்கொடுத்தாள், அந்தக் குரலைக் காதைத் தீட்டிக் கேட்டாள். என்னோடு பேச மாட்டாள், இன்றைக்குப் பேச மாட்டாள், நாற்பது நாள் முடியும் வரைக்கும்கூடப் பேச மாட்டாள், ரோஷக்காரி, என் வயிற்றில் பிறந்தவள்தானே. பேசாமல் இருக்கட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.